12 நிலையங்கள், 7 திசைகள்: நில அதிர்வுப் பதிவுகளைக் காதால் சலித்த ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ஒரு நிலப்பிளவை ஒட்டி அமைந்த உள்ளூர் நில அதிர்வு வலைப்பின்னல். மொத்தம் 12 நிலையங்கள். மேற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 40 கி.மீ. நீளம், வடக்கு தெற்காக 12 கி.மீ. அகலம். பிளவின் வடபுறம் ஒரு வரிசை, தென்புறம் ஒரு வரிசை. ஒவ்வொரு நிலையமும் விநாடிக்கு 100 மாதிரிகள் எடுத்து மையத்துக்கு அனுப்பும்.

வந்ததை முதலில் கணினி சலிக்கும். வழக்கமான முறைதான்: கடைசி 1 விநாடியின் சராசரி வீச்சைக் கடைசி 30 விநாடியின் சராசரியோடு ஒப்பிட்டு, விகிதம் 4-ஐத் தாண்டினால் குறி போடும். ஒரே சமயத்தில் பல நிலையங்களில் குறி விழுந்தால் அந்த நேரம் பட்டியலில் ஏறும். பக்கத்துச் சாலையில் லாரி போனாலும் குறி விழும், பலத்த காற்றுக்கும் விழும். எனவே யாராவது ஒருவர் உட்கார்ந்து, பட்டியலில் எது நிலநடுக்கம், எது வெறும் இரைச்சல் என்று பிரித்தாக வேண்டும்.

இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்துவந்த பகுப்பாய்வாளருக்கு விழித்திரை நோயால் மையப் பார்வை மங்கத் தொடங்கியது. திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும் 12 கோடுகளில் எது முதலில் துள்ளியது என்பதைப் பிரித்தறிவது அவருக்கு இயலாமல் போனது. திரையைப் பெரிதாக்கினால் ஒரு நேரத்தில் மூன்று கோடுகள்தான் தெரியும். மற்ற ஒன்பதும் வெளியே போய்விடும். ஒரு நிலையத்தின் அலை வடிவம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எல்லா நிலையங்களிலும் எந்த வரிசையில் வந்தது என்பதே இந்த வேலைக்கு உயிர்நாடி. அனுபவம் முழுவதும் அவரிடம் இருந்தது, அதைத் தரவோடு சேர்க்கும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது.

அவரோடு ஒரு நிரலாளர், ஒலிப்பதிவுத் துறை அறிந்த ஒருவர், நிலநடுக்கவியல் படித்த இன்னொரு சக ஊழியர் என நால்வர் கொண்ட குழு, பதிவுகளை ஒலியாக்கிப் பார்ப்பதென்று முடிவு செய்தது. யோசனை புதிதல்ல. 1961-லேயே ஷெரிடன் ஸ்பீத் என்ற ஆய்வாளர் நில அதிர்வுப் பதிவுகளை வேகமாக ஓட்டி, நிலநடுக்கத்தையும் நிலத்தடி வெடிப்பையும் காதால் பிரிக்க முடியுமா என்று சோதித்திருக்கிறார். ஆனால் இந்தக் குழுவுக்கு ஒரு பதிவைக் கேட்பது போதாது. 12-ஐயும் சேர்த்துக் கேட்க வேண்டும், எது எங்கிருந்து வருகிறது என்றும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு நிலையத்தையும் கேட்பவரைச் சுற்றி ஒரு திசையில் வைப்பதென்று தொடங்கினார்கள்.

## முதல் வடிவம்

முதலில் தோன்றியது நேரடியான வழி. கேட்பவர் வலைப்பின்னலின் நடுவில் வடக்கு நோக்கி உட்கார்ந்திருப்பதாகக் கொள்வது. வடவரிசை நிலையங்கள் முன்னால், தென்வரிசை முதுகுக்குப் பின்னால், மேற்கு இடப்பக்கம், கிழக்கு வலப்பக்கம். நிலையம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப ஒலியும் கொஞ்சம் மேலேயோ கீழேயோ.

பதிவு 200 மடங்கு வேகத்தில் ஓட்டப்பட்டது. மனிதக் காதுக்கு எட்டாத 1 முதல் 20 ஹெர்ட்ஸ் அதிர்வு இப்படி 200 முதல் 4000 ஹெர்ட்ஸ் ஒலியாகிவிடும். 1 மணி நேரப் பதிவு 18 விநாடி, முழு நாள் 7 நிமிடம் 12 விநாடி.

திசையை உண்டாக்க எச்.ஆர்.டி.எஃப். எனப்படும் வடிகட்டித் தொகுப்பைப் பயன்படுத்தினார்கள். ஒரு திசையிலிருந்து வரும் ஒலியைத் தலையும் காதுமடலும் எப்படி மாற்றுகின்றன என்று அளந்துவைத்த தொகுப்பு அது. 1994-இல் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் கெமார் என்ற பொம்மைத் தலையில் 710 இடங்களிலிருந்து அளந்து வெளியிட்டதை எடுத்துக்கொண்டார்கள். கம்பியுள்ள ஹெட்போன், தலைத் திருப்பத்தை அறியும் சிறு உணரி ஒன்று. உபகரணம் அவ்வளவுதான்.

சோதிக்க, பழைய பதிவுகளிலிருந்து விடை தெரிந்த துண்டுகளைப் பொறுக்கினார்கள்: ஒரே நிலையத்தின் இரைச்சல், சாலையில் போகும் வண்டி, மேற்கு முனையில் நிலநடுக்கம், நடுவில் ஒன்று, கிழக்கில் ஒன்று, ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவில் நடந்த ஒன்று, காற்று. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று கேள்விகள்: ஒரு நிலையமா, பலவா? எங்கே தொடங்கியது? எந்தப் பக்கம் போனது? பகுப்பாய்வாளரோடு சக ஊழியரும் தனித்தனியே கேட்டு விடை சொன்னார்கள்.

## கவனித்தவை

தனி நிலைய இரைச்சல் இருவருக்கும் உடனே பிடிபட்டது. மற்றவை தடுமாறின. தடுமாற்றம் தாறுமாறாக இல்லை. ஒவ்வொரு பிழைக்கும் தனி வடிவம் இருந்தது, அதனால் காரணத்தைத் தேடிப் பிடிக்க முடிந்தது.

முன்பின் மயக்கம். வடவரிசை ஒலியைத் தென்வரிசை என்றும், தென்வரிசையை வடவரிசை என்றும் இருவருமே மாற்றிச் சொன்னார்கள். மேற்கைக் கிழக்கு என்று யாரும் சொல்லவில்லை. இடவலத்தைக் காது இரண்டு வழிகளில் கணிக்கிறது. ஒன்று இரு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நேர வேறுபாடு. அது பக்கவாட்டில் அதிகபட்சமாக ஏறத்தாழ 0.65 மில்லிவிநாடி. மற்றது சத்த வேறுபாடு. 30 டிகிரி வலப்பக்கம் முன்னால் இருக்கும் ஒலிக்கும், அதே அளவு வலப்பக்கம் பின்னால் இருக்கும் ஒலிக்கும் இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. முன்னா பின்னா என்று பிரித்துச் சொல்வது காதுமடல் செய்யும் நுட்பமான வடிகட்டல். அது ஆளுக்கு ஆள் மாறும். பொம்மைத் தலையின் காதுமடல் யாருடைய சொந்தக் காதும் அல்ல.

மேல் கீழ் தெரியவே இல்லை. உயரத்தைச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. 200 மடங்கு வேகத்தில் ஓடிய பதிவில் ஆற்றல் 4000-க்குள் முடிந்துவிட்டது. இல்லாத ஒலியில் வடிகட்டி எதை மாற்றும்? போதாததற்கு, நிலையத்தின் உயரம் இந்த வேலையில் யாருக்கும் தேவைப்படாத தகவல். இருக்கிற பரிமாணத்தையெல்லாம் நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசை இத்தகைய திட்டங்களில் அடிக்கடி தலைகாட்டும்.

அலை நகரவில்லை. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மேற்கு முனை நிலநடுக்கம் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். இருவருக்குமே அது இடப்பக்கம் 'டப்' என்று ஒரே ஒலியாகத்தான் கேட்டது. கணக்குப் போட்டதும் விளங்கிற்று. புவியின் மேலோட்டில், நிலநடுக்கத்தில் முதலில் வந்துசேரும் பி அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. 40 கி.மீ. கடக்க 6.7 விநாடி. 200-ஆல் வகுத்தால் 33 மில்லிவிநாடி. இவ்வளவு நெருக்கமாக அடுத்தடுத்து வரும் ஒத்த ஒலிகளைக் காது தனித்தனியாக எண்ணாது. முதலில் வந்ததன் திசையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருபவற்றை அதன் எதிரொலியாகக் கருதி விழுங்கிவிடும். சுவர் எதிரொலிக்கும் அறையில் பேசுபவர் எங்கே நிற்கிறார் என்று நமக்குத் தெரிவதே இந்தப் பழக்கத்தால்தான். 1949-இல் வாலக், நியூமன், ரோசன்ஸ்வைக் மூவரும் இதை விளக்கமாக அளந்தார்கள். அறையில் நமக்கு உதவும் அதே பழக்கம் இங்கே தரவின் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் அழித்துக்கொண்டிருந்தது.

கீழே ஓர் உறுமல். கடல் அலைகளால் நிலத்தில் எப்போதும் இருக்கும் மெல்லதிர்வு 5 முதல் 8 விநாடிக்கு ஒரு சுற்று. 200 மடங்கில் அது 25 முதல் 40 ஹெர்ட்ஸ் உறுமலாகிறது. காதுக்கு அது லேசாகத்தான் தெரியும். ஆனால் ஒலிக் கோப்பின் வீச்சு முழுவதையும் அதுவே தின்றுவிடும், சிறு நிலநடுக்கங்களுக்கு இடமிருக்காது.

பொய்ச் சொடுக்குகள். பதிவில் விடுபட்ட இடங்களைச் சுழியத்தால் நிரப்பியிருந்தார்கள். நிரப்பிய இடத்தின் இரு முனையிலும் வீச்சு திடீரென்று குதிப்பதால் 'டக்' என்று கேட்கும். அச்சு அசலாக ஒரு சிறு அதிர்வைப் போலவே இருக்கும்.

தலைத் திருப்ப உணரியும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. தலையை அசைத்தால் முன்பின் மயக்கம் குறையும் என்பது உண்மை, குறையவும் செய்தது. ஆனால் அரை மணி நேரத்தில் உணரியின் 'நேர் முன்' மெல்ல ஒரு பக்கம் நழுவியது. மேசையின் இரும்புச் சட்டத்தால் காந்தத் திசைகாட்டியை நம்ப முடியவில்லை, சுழல் உணரி மட்டும் தனியே இருந்தால் வழுவிக்கொண்டே போகும். கேட்பவருக்கு இது தெரியாது. நிலையங்கள்தான் இடம் மாறியதாகத் தோன்றும்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குழு முதலில் ஒரு வரையறை செய்துகொண்டது. திசை 'எந்த நிலையம்' என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழம் போன்ற அளவுகளுக்குத் திசையைப் பயன்படுத்துவதில்லை. பின்வந்த முடிவுகள் அனைத்தும் இதை ஒட்டியவை.

*முன்வளைவு மட்டும்.* கேட்பவர் வலைப்பின்னலுக்குத் தெற்கே நின்று வடக்கே பார்க்கிறார் என்று காட்சி மாற்றப்பட்டது. எல்லா நிலையங்களும் முன்னால்தான். இடக்கோடி மேற்கு, வலக்கோடி கிழக்கு. பின்புறம் காலி. நேர் முன்னால் வரும் ஒலி 1 டிகிரி நகர்ந்தாலே காது கண்டுகொள்ளும் என்பது 1958 முதல் தெரிந்த அளவு. ஆனால் அது இரண்டு ஒலிகளை ஒப்பிடும் திறன். ஒற்றை ஒலியைக் கேட்டு 'இது மூன்றாவது இடம்' என்று பெயர் சொல்வது வேறு வேலை. பொது வடிகட்டியும் ஹெட்போனும் சேரும்போது 10, 15 டிகிரி பிழை சர்வ சாதாரணம். ஆகவே 25 டிகிரி இடைவெளியில் ஏழே இடங்கள்: இடப்பக்கம் 75, 50, 25, நடு, வலப்பக்கம் 25, 50, 75.

*வடக்கு தெற்கைச் சுருதி சொல்லும்.* 12 நிலையங்களை 7 இடத்தில் வைக்க, ஐந்து இடங்களில் இரண்டிரண்டும் இரண்டு இடங்களில் ஒவ்வொன்றும் வந்தன. ஒரே இடத்தில் உள்ள இரண்டில் தென்வரிசைக்குத் தணிந்த ஒலி, வடவரிசைக்கு உயர்ந்த ஒலி. தணிந்தது 300 முதல் 1200 ஹெர்ட்ஸ், உயர்ந்தது 4000 முதல் 8000. நடுவில் இருந்த பட்டையை விட்டதற்குக் காரணம் உண்டு. நேர வேறுபாட்டைக் கொண்டு திசை அறிவது 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் நன்றாக நடக்கும். தலை மறைப்பதால் வரும் சத்த வேறுபாடு 3000-க்கு மேல்தான் வலுவாகும். இடைப்பட்ட பகுதியில் இரண்டுமே அரைகுறை.

*வேகத்தையும் சுருதியையும் பிரித்தல்.* அலை நகர்வது கேட்க வேண்டுமானால் மெதுவாக ஓட்ட வேண்டும். 20 மடங்கில் ஓட்டினால் பி அலை 0.33 விநாடியில் இடமிருந்து வலம் போகும், அது போதும். ஆனால் அப்போது 2 முதல் 10 ஹெர்ட்ஸ் அதிர்வு 40 முதல் 200 ஹெர்ட்ஸ் முனகலாகிவிடும். அதில் திசைக்குறிப்பு மிகக் குறைவு. பதிவை அப்படியே ஒலியாக்கும்வரை இந்த முடிச்சு அவிழாது. எனவே பதிவின் வீச்சு ஏறி இறங்குவதை மட்டும் எடுத்து, அதைக்கொண்டு வேறோர் இரைச்சலின் சத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். வேகம் தரவுக்கு, ஒலியின் நிறம் காதுக்கு.

செய்த வரிசை இது:

1. சராசரியைக் கழித்து, விடுபட்ட இடங்களின் இரு முனையிலும் 0.2 விநாடிச் சரிவு கொடுத்தல். 20 மடங்கில் இது 10 மில்லிவிநாடி, சொடுக்கு மறைந்துவிடும்.
2. 2 முதல் 10 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் பட்டர்வொர்த் வகை வடிகட்டி, 4-ஆம் வரிசை (வெட்டு எவ்வளவு கூர்மை என்பதன் அளவு), ஒரே திசையில் ஒரு முறை. முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டினால் கட்டப் பிழை (வடிகட்டியால் அலை காலத்தில் நகர்வது) நீங்கும் என்பது சரிதான். ஆனால் பி அலைக்கு முன்பே ஒரு முன்னதிர்வு முளைத்து, தொடக்கத்தின் கூர்மை மழுங்கும். காது திசையைப் பிடிப்பதே தொடக்கத்தை வைத்துத்தான்.
3. வீச்சின் உறையை, அதாவது அது ஏறி இறங்கும் கோட்டை, 0.2 விநாடிச் சாளரத்தில் எடுத்தல்.
4. அந்த நிலையத்தின் முந்தைய 1 மணி நேர நடுமதிப்பால் வகுத்தல். பாறைமேல் இருக்கும் நிலையமும் மண்மேல் இருக்கும் நிலையமும் இதனால் ஒரே தளத்துக்கு வரும்.
5. நடுமதிப்பைவிட 6 டெசிபல் மேலே போனால்தான் ஒலி. அதற்கு மேல் தரவில் 60 டெசிபலைக் கேட்பதில் 24 டெசிபலாகச் சுருக்குதல். சுருக்காவிட்டால் பக்கத்து நிலையத்தின் ஒலி மற்ற பதினொன்றையும் மூடிவிடும்.
6. பட்டை இரைச்சலை உறையால் பெருக்கி, உரிய திசையின் வடிகட்டி வழியே அனுப்புதல்.

ஆறாம் படியில் ஒரு சிக்கல் வந்தது. இத்தகைய அமைப்பு செய்பவர்கள் பலரும் இதில் இடறலாம். நிரலில் ஓர் இரைச்சல் கோப்பை உருவாக்கி அதையே எல்லா நிலையங்களுக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். விளைவு: இடப்பக்கம் 25-லும் வலப்பக்கம் 25-லும் இரண்டு நிலையங்கள் ஒன்றாக ஒலித்தால், இரண்டும் கேட்பதற்குப் பதில் யாருமே இல்லாத நடுவில் ஒரே ஒலி கேட்டது. இரு பக்கமும் ஒரே சமிக்ஞை வந்தால் காது அதை ஒரு பொருளாகவே சேர்க்கும். 12 நிலையங்களுக்கும் இரைச்சலை உருவாக்கும் நிரலில் தனித்தனித் தொடக்க எண் கொடுத்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சல்களை உருவாக்கியதும் அந்தப் பேய் ஒலி போய்விட்டது.

*உணரியைக் கழற்றுதல்.* முன்வளைவுக்கு மாறியதும் தலைத் திருப்ப உணரியின் தேவை குறைந்தது. ஒலி தலைக்கு வெளியே இருப்பதுபோல் தோன்றாமல் காதுகளுக்கிடையே கேட்கும் என்பது இழப்புதான். இடவலம் தெரிந்தால் இந்த வேலைக்குப் போதும் என்று பகுப்பாய்வாளரே தீர்மானித்தார். வெளியே இருப்பதுபோல் தோன்ற அறை எதிரொலி சேர்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. எதிரொலி ஒவ்வொரு தொடக்கத்தையும் இழுத்துப் பூசிவிடும் என்பதால் கைவிடப்பட்டது.

200 மடங்கு ஓட்டத்தை முற்றாகத் தூக்கி எறியவில்லை. 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி உறுமலை நீக்கிய பிறகு, முழு நாளை ஒரு பார்வை பார்க்க அது பயன்பட்டது. முதல் வரவின் திசையைக் காது பிடித்துக்கொள்வதால் 'இன்று சந்தடியெல்லாம் கிழக்குப் பக்கம்' என்று ஏழு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒலி கேட்ட நேரங்களை மட்டும் 20 மடங்கில் திரும்பக் கேட்பது வழக்கமாயிற்று.

## பிறகு நடந்தது

மேற்கு முனை நிலநடுக்கம் இப்போது இப்படிக் கேட்கும்: இடக்கோடியில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து மூன்றில் ஒரு விநாடியில் வலக்கோடிவரை ஓர் ஓட்டம். பின்னாலேயே இன்னும் கனமாக, நிதானமாக இன்னோர் ஓட்டம். அது எஸ் அலை. அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3.5 கி.மீ. இடக்கோடியில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வலப்பக்கம் போகப் போக இடைவெளி விரியும், வலக்கோடியில் கால் விநாடி அளவு இருக்கும். நடுவில் நிகழ்ந்தது என்றால் ஒலி நடுவில் தொடங்கி இருபுறமும் ஒரே சமயத்தில் விரியும். தொலைதூர நிலநடுக்கத்தின் அலை கீழிருந்து ஏறத்தாழ செங்குத்தாக மேலே வருவதால் ஓட்டமே இருக்காது. ஏழு இடமும் சேர்ந்தாற்போல், மெல்லத் தலைதூக்கும். வண்டி ஓரிரு இடங்களில் மட்டும் ஏறி இறங்கும். காற்று எங்கும் பொதுவாக, தொடக்கமே இல்லாமல் வரும்.

விடை தெரிந்த துண்டுகளை மீண்டும் கேட்டபோது மேற்கு, நடு, கிழக்கு மூன்றையும் இருவரும் குழப்பமின்றிப் பிரித்தார்கள். தடுமாற்றம் எஞ்சியது ஓரிடத்தில்: வலைப்பின்னலுக்கு வெளியே, வடக்கே அல்லது தெற்கே நடந்தவை. அவற்றில் தணிந்த வரிசை முந்தியதா, உயர்ந்த வரிசை முந்தியதா என்பதே குறிப்பு. 12 கி.மீ. கடக்க 2 விநாடி, ஒலியில் 0.1 விநாடி. எது முந்தியது என்று சொல்ல ஏறத்தாழ 20 மில்லிவிநாடி இடைவெளி போதும் என்பது பொதுவான அளவு. ஆனால் இரண்டு ஒலிகளின் பட்டை வெகுவாக வேறுபட்டால் அது கடினமாகலாம்.

பயிற்சிக் காலத்தில் பகுப்பாய்வாளர், திரையில் பார்த்து வேலை செய்பவரைவிட மெதுவாகத்தான் வேலை செய்தார். ஒவ்வொரு நிகழ்வையும் மூன்று, நான்கு முறை கேட்டார். சில மாதங்களில் பெரும்பாலானவற்றை ஒரே முறையில் தீர்த்தார். தினசரிப் பட்டியலின் முதல் சலிப்பு மீண்டும் அவர் கைக்கு வந்தது.

அதற்கிடையே இரண்டு சம்பவங்கள். அமைப்பின் பலமும் ஓட்டையும் அவற்றில் தெரிந்தன.

பின்னுக்குத் தாவிய ஒலி. மேற்கிலிருந்து வந்த ஒரு நிலநடுக்கத்தில் ஓட்டம் நான்காம் இடத்தைத் தொட்டபின் மூன்றாம் இடத்துக்குத் திரும்பிவந்து மீண்டும் வலப்பக்கம் போனதாகப் பகுப்பாய்வாளர் குறித்தார். அடுத்து வந்த ஒன்றிலும் அப்படியே. அந்த நிலையத்தைச் சோதித்ததில் அதன் ஜி.பி.எஸ். ஏற்பி செயற்கைக்கோள் தொடர்பை இழந்திருந்தது. உள்கடிகாரம் தன்பாட்டில் ஓடி, ஏறத்தாழ 2 விநாடி பிசகியிருந்தது. 20 மடங்கில் அது 100 மில்லிவிநாடி. அடுத்தடுத்த இடங்களுக்கு இடையே அலை செல்ல ஆகும் நேரம் 55 மில்லிவிநாடிதான் என்பதால் வரிசையே மாறிக் கேட்டது. நிலநடுக்க மையத்தைக் கணிக்கும் நிரல் இந்தப் பிசகை முன்பே பார்த்திருந்தது. ஆனால் பொருந்தாத நிலையத்தின் எடையைக் குறைத்துவிட்டு வேலையைத் தொடர்வதுதான் அதன் இயல்பு. யாரிடமும் சொல்லவில்லை.

கேட்காமல் போனது. வேறொரு நாளில் ஒரு நிலையத்திலிருந்து பல மணி நேரம் தரவே வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை. திரையில் என்றால் ஒரு கோடு தட்டையாகக் கிடப்பது உறுத்தும். ஒலியில் அமைதியான நிலையமும் செத்த நிலையமும் ஒன்றே. எல்லா நிலையங்களிலும் மெல்லிய இரைச்சல் ஒன்றை எப்போதும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். காது சில நிமிடங்களில் அதற்குப் பழகிவிட்டது, ஒன்று நின்றாலும் தெரியவில்லை. பலித்தது வேறொன்று: வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல, தரவின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு முறை, அதாவது கேட்பதில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை, உயிரோடிருக்கும் நிலையங்கள் இடமிருந்து வலமாகச் சீரான தாளத்தில் ஒவ்வொரு தட்டுத் தட்டும். மொத்தம் ஒன்றரை விநாடி. ஒரு தட்டு விடுபட்டால் தாளம் உதைக்கும். அது தப்பாமல் காதில் படும்.

அலை வந்துசேர்ந்த நேரத்தைச் சரிபார்க்கும் வேலைக்கும் ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. நேரத்தைக் கணினி குறிக்கும், மனிதர் அதை ஏற்பார் அல்லது தள்ளுவார். குறித்த இடத்தில் ஒரு சொடுக்கைச் சேர்த்து 5 மடங்கு வேகத்தில் கேட்டால், சொடுக்கு அலைக்கு முந்துகிறதா பிந்துகிறதா என்று தெரியும். 0.2 விநாடிப் பிழை 40 மில்லிவிநாடியாகக் கேட்கும். சொடுக்கு தெளிவாகத் தெரியட்டும் என்று முதலில் அதை எதிர்ப்பக்கம் வைத்தார்கள். அது தவறான இடம். இரண்டு ஒலிகள் வெவ்வேறு திசையிலிருந்து வந்தால் அவற்றுக்கிடையே உள்ள சிறு கால இடைவெளியைக் காது மட்டமாகவே கணிக்கும். சொடுக்கை அந்த நிலையத்தின் திசைக்கே கொண்டுவந்ததும் வேலை நடந்தது. ஆனால் இதைவிட நுணுக்கமான திருத்தத்தைப் பார்வையுள்ள சக ஊழியரே திரையில் செய்கிறார். அதை ஒலிக்கு மாற்ற முயலவில்லை.

## மாற்ற வேண்டியவை

உயர் பட்டையை 4000–8000 ஹெர்ட்ஸில் வைத்தது பகுப்பாய்வாளருக்குப் பொருந்தியது. ஆனால் பின்னர் கேட்க வந்த ஒருவருக்கு ஒரு காதில் உயர் அதிர்வெண் குறைவாகக் கேட்டது. வடவரிசை முழுவதும் அவருக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தென்வரிசை சரியாக இருந்ததால் அவர் குறையைக் காதில் தேடாமல் தரவில் தேடிக்கொண்டிருந்தார். பட்டையை 3000–6000-க்கு இறக்கியதில் ஓரளவு சீரானது. இன்று தொடங்குவதாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் முதலில் செவித்திறன் சோதனை, பிறகு இரு பட்டைகளுக்கும் தனித்தனியாக நடுவைச் சரிசெய்தல் என்ற வரிசை வேண்டும். நேர் முன்னால் வைத்த ஒலி நடுவில் கேட்கும்வரை இடவலச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் அது. இரண்டு நிமிட வேலை. ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். அப்படி மாட்டிக்கொண்டு அரை நாள் கிழக்கை மேற்காகக் கேட்டதும் இங்கே நடந்திருக்கிறது.

நடுமதிப்பால் வகுப்பதில் ஒரு விலை இருக்கிறது. பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் அதிர்வுகள் அடுக்கடுக்காக வரும்போது, முந்தைய 1 மணி நேர நடுமதிப்பே உயர்ந்துவிடும். அதிகம் கேட்க வேண்டிய நேரத்தில் ஒலி அடங்கிப்போகும். அந்த நேரங்களில் நடுமதிப்பை முந்தைய நாளின் மதிப்பில் பூட்டிவைக்கும் பொத்தான் ஒன்று இப்போது இருக்கிறது. அதை அழுத்த வேண்டும் என்று நினைவிருப்பது ஆளைப் பொறுத்தது. தானாகப் பூட்டும் ஏற்பாடு இன்னும் செய்யப்படவில்லை.

புளூடூத் ஹெட்போன் கேட்டு அடிக்கடி கோரிக்கை வருகிறது. தலைத் திருப்ப உணரி இல்லாததால் ஒலி ஓட்டத்தில் தாமதம் பெரிய இடைஞ்சல் அல்ல. ஆனால் விசையை அழுத்தி நிறுத்தும்போது ஒலி கால் விநாடி தாமதமாக நின்றால், 20 மடங்கில் அது 5 விநாடித் தரவு. நிறுத்திய இடம் தவறாகப் பதிவாகும். கம்பியுள்ளதே தொடர்கிறது. கேட்கும் அளவு 65 முதல் 70 டெசிபலுக்குள், தொடர்ந்து 40 நிமிடத்துக்கு மேல் கேட்பதில்லை என்ற வரம்பும் அப்படியே இருக்கிறது.

அடுத்து ஒரு நிலையம் கூடினால் அதற்கு இடம் இருக்கிறது, இரண்டு கூடினாலும் இருக்கிறது. 15-ஆவது வந்தால் ஏழு இடங்களை எட்டாக நெருக்குவதில்லை என்று குழு எழுதி வைத்திருக்கிறது. மேற்குப் பாதி, கிழக்குப் பாதி என்று இரண்டு ஓட்டங்களாகப் பிரித்து, எல்லையில் உள்ள இரண்டு இடங்களின் நிலையங்களை இரண்டிலும் சேர்ப்பதே அப்போது செய்ய வேண்டியது.